ஓரிரவுத் தூண்டிலுக்கு எடை குறைந்த பிவ்வி: கூரைக்கு முன்னால் படுக்கையை முடிவு செய்யுங்கள்

கேள்வி இதுதான்: "தனியாகத்தான் மீன் பிடிக்கப் போகிறேன். பெரும்பாலும் ஓர் இரவு, எப்போதாவது இரண்டு. வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து கரையோரமாக ஒரு கிலோமீட்டர் சுமந்து நடக்க வேண்டும். 4 கிலோவுக்குள் ஒரு பிவ்வி (கரையில் விரிக்கும் சிறு தூண்டில் கூடாரம்) வாங்கலாமா, பெரிய தூண்டில் குடை போதுமா, இல்லை மலையேறுகிறவர்கள் எடுத்துப் போகும் ஒன்றரைக் கிலோ கூடாரமே சரிப்படுமா?"

மூன்றுமே சரிப்படும், மூன்றுமே சொதப்பும். நீங்கள் எதன்மேல் படுக்கப் போகிறீர்கள் என்று சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பலரும் கூரையை முதலில் வாங்கிவிட்டு, அதற்குள் கட்டில் நுழையுமா என்று பிறகு அளந்து பார்க்கிறார்கள். நான் செய்ததும் அதேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பிவ்வி என்பது 'பிவுவாக்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம். அது ஜெர்மன் வட்டார வழக்கிலிருந்து பிரெஞ்சுக்குப் போனது என்பார்கள். அங்கே அதற்கு 'கூடுதல் இரவுக் காவல்' என்று பொருள். தூங்குவதற்கான வீடு என்ற எண்ணமே அந்தச் சொல்லில் இல்லை. பிரிட்டனில் கெண்டை பிடிக்கிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு, முன்பக்கம் அகலமாகத் திறந்த, கரையில் சட்டென்று விரிக்கக்கூடிய சிறு கூடாரத்துக்குப் பெயராக்கிவிட்டார்கள். பொருத்தமான பெயர்தான். ராத்திரி தூண்டில் போடுகிறவன் முக்கால் பங்கு காவல்காரன், கால் பங்குதான் தூங்குகிறவன்.

இப்போது படுக்கைக்கு வருவோம். மடக்குக் கட்டிலின் உயரம் தரையிலிருந்து 35 முதல் 45 செ.மீ. வரை இருக்கும். உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை ஏறக்குறைய 90 செ.மீ. இரண்டையும் கூட்டினால் 130 செ.மீ. ஆகிறது. அதாவது கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து பூட்ஸ் மாட்ட வேண்டுமென்றால், நீங்கள் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே கூரை குறைந்தது 130 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அதே ஆள் நுரைப்பாயிலோ காற்றுப்பாயிலோ படுத்தால் ஒரு மீட்டர் போதும். மலையேற்றக் கூடாரங்கள் பலவும் 100, 110 செ.மீ. உயரத்தில் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுவே. அவை பாயில் படுக்கிறவனுக்காக அளவெடுத்துத் தைத்தவை. அதற்குள் கட்டிலைப் போட்டால் மூக்கு துணியில் இடிக்கும், காலை வரை முகத்தில் சொட்டும்.

உயரம் 30 செ.மீ. கூடினால் துணி மட்டுமா கூடுகிறது? அதைத் தாங்கக் கம்பு நீள வேண்டும், நீண்ட கம்பு வளையாமலிருக்கத் தடிக்க வேண்டும், காற்று பிடிக்கும் பரப்பு கூடுவதால் முளையும் கயிறும் கூட வேண்டும். எனவே 'எடை குறைந்த பிவ்வி எது' என்ற கேள்வியில் பாதி, 'கட்டிலைத் துறக்க உங்கள் இடுப்பு சம்மதிக்குமா' என்ற கேள்விதான். சம்மதிக்கவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வேறு பொருளைப் பார்க்கிறோம், அவ்வளவுதான். நடுவில் ஒரு வழியும் உண்டு: 15 செ.மீ. உயரமே உள்ள தாழ்கட்டில். 2 கிலோவைச் சுற்றி எடை வரும். உடம்பைத் தரையிலிருந்து தூக்கிவிடும், கூரையை உயர்த்தச் சொல்லாது. இதை ஏனோ பலர் யோசிப்பதே இல்லை.

அளவுச் சீட்டில் எழுதியிருக்கும் நீள அகலத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அது தரையில் எடுத்த அளவு. பிவ்வியின் சுவர் உள்நோக்கிச் சாய்ந்து போவதால், கட்டில் உயரத்தில், அதாவது தரையிலிருந்து அரை மீட்டர் மேலே, நீளம் கணிசமாகக் குறைந்துவிடும். தூக்கப்பையின் கால் பக்கமும் தலைப் பக்கமும் துணியைத் தொடுவது அங்கேதான். கடையில் விரித்து வைத்திருந்தால் அந்த உயரத்தில் டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள். கட்டிலின் நீளம் 2 மீட்டர் என்றால், இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும்.

தூண்டில் குடைகளின் அளவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 45, 50, 60 அங்குலம் என்று எழுதுவது குடையின் குறுக்களவு அல்ல, ஒரு குடைக்கம்பியின் நீளம். 50 அங்குலக் குடை என்றால் கம்பி 127 செ.மீ., விரித்தால் வளைவோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டரை மீட்டர். 45 அங்குலத்தில் பாய் போட்டுப் படுக்கலாம், கட்டில் என்றால் கால் நனையும். கட்டிலோடு ஒருவர் ஓரிரவு இருக்க 50 அங்குலம்தான் தொடக்கம். 60 அங்குலம் வசதி, ஆனால் அதன் எடைக்கு நல்ல ஒரு பிவ்வியே வந்துவிடும்.

எடைக்கு வருகிறேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தப் பொருளுக்காகவே சொன்ன பழமொழி போலிருக்கும். அட்டையில் '3.8 கிலோ' என்று இருந்தால் அது எதன் எடை என்று கேளுங்கள். சில இடங்களில் துணியும் கம்பும் மட்டும். தரைவிரிப்பு தனி, முளை தனி, முன்கதவு தனி, பை தனி. ஈர மண்ணுக்கான கனத்த இரும்பு முளை ஒன்று 70, 80 கிராம் இருக்கும். பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு கிலோவைத் தொட்டுவிடும். தரைவிரிப்பு இன்னொரு கிலோ. மடக்குக் கட்டில் 7, 8 கிலோ. குளிர்காலத் தூக்கப்பை 3 கிலோ. '4 கிலோ பிவ்வி' உங்கள் தோளில் ஏறும்போது 17 கிலோ ஆகியிருக்கும். அதோடு தூண்டில் கோலான ராடு, நரம்பைச் சுற்றும் ரீல், இரை, குடிதண்ணீர், கைவலை. ஒரு கிலோமீட்டர் நடந்து போகும்போது இது புரியாது. விடிய விடிய மழை பெய்து, நனைந்த துணியைச் சுருட்டித் திரும்பி நடக்கும்போது புரியும். நனைந்த குடைத்துணி எளிதாக ஒரு கிலோ கூடிவிடும்.

ஆகவே பிவ்வியை மட்டும் தராசில் வைக்காதீர்கள். கூரை, முளை, தரைவிரிப்பு, படுக்கை, தூக்கப்பை, ஐந்தையும் ஒன்றாக வைத்து நிறுங்கள். கூரையில் ஒரு கிலோவைக் குறைக்கத் தலைகீழாக நிற்கிறவர்கள், கட்டிலை மாற்றினால் ஐந்து கிலோ குறையும் என்பதைக் கண்டுகொள்வதில்லை. வழக்கமான இரும்பு முளைகளில் மூன்றில் இரண்டு பங்கை அலுமினிய முளையாக மாற்றினாலே அரைக் கிலோவுக்கு அருகில் மிச்சம். காற்றுப் பக்கத்துக்கு மட்டும் நான்கு கனத்த முளைகளை வைத்துக்கொண்டால் போதும்.

இனி வாசல். மலையேற்றக் கூடாரத்துக்கும் பிவ்விக்கும் உண்மையான வித்தியாசம் எடையில் இல்லை, வாசலில் இருக்கிறது. மலையேறுகிறவன் உள்ளே போய் ஜிப்பை மூடினால் காலையில்தான் திறப்பான். தூண்டிற்காரன் எந்த நிமிடமும் பாய்ந்து வெளியே வர வேண்டியவன். நான் முதன்முதலில் கொண்டுபோனது இரட்டைக் கதவுள்ள ஒரு சின்னக் கூடாரம். நடுராத்திரியில், மீன் இழுத்தால் ஒலிக்கும் தூண்டில் அலாரம் அலறியது. உள்கதவின் ஜிப்பைத் திறந்தேன், வெளிக்கதவின் ஜிப் மழைப்பட்டைத் துணியைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. பிய்த்துக்கொண்டு வெளியே தவழ்ந்து, கயிற்றில் கால் தடுக்கி விழுந்து, ராடைக் கையில் எடுத்தபோது தூண்டில் நரம்பு தொய்ந்து கிடந்தது. பெரிய மீனா சின்ன மீனா என்று இன்றுவரை தெரியாது. தெரியாததால் அது வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போகிறது.

படுத்த இடத்திலிருந்தே ராடுகள் கண்ணில் படுகின்றனவா, படுக்கையை விட்டு எழுந்து இரண்டே அடியில் வெளியே வர முடிகிறதா, போகும் வழியில் கயிறு எதுவும் குறுக்கே இல்லையா: வாங்கும்போது இந்த மூன்றையும் உடம்பால் செய்து பாருங்கள். மலையேற்றக் கூடாரம்தான் வேண்டுமென்றால், தலைப்பக்கம் வாசல் உள்ளதைத் தவிர்த்து, நீளவாக்கில் பக்கச்சுவர் முழுதும் திறக்கும் வகையை எடுங்கள். அதை நீருக்கு இணையாக விரித்தால், படுத்தபடியே தண்ணீரைப் பார்க்கலாம், கால்களை அப்படியே வெளியே வைத்து எழுந்துவிடலாம். உள்வலையைக் கழற்றிவிட்டு மேல்துணியை மட்டும் கட்ட வசதி உள்ளதென்றால் இன்னும் நல்லது.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தூண்டில் குடை 3, 4 கிலோ வரும். இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும், மழை வந்த பிறகு விரித்தாலும் நனையாமல் தப்பலாம். இதன் பெரிய பலம் இது. இருட்டில், கை விறைத்திருக்கும்போது, கம்பு நுழைக்கிற வேலை எதுவும் இல்லை. நடுத்தண்டு கழன்று வரும் குடையாகப் பாருங்கள், இல்லாவிட்டால் தண்டு படுக்கையின் நடுவில் நிற்கும். பலவீனம் பக்கவாட்டு மழை. முன்னால், குடையின் விளிம்பைத் தாங்கிப் பிடிக்க இரண்டு புயல்கம்பு ஊன்றி, பக்கத் திரைகளை மாட்டினால் ஓரளவு சமாளிக்கும். மேலே இன்னொரு துணி போர்த்தும் வசதியோடு விற்பவையும் உண்டு. போர்வையும் திரையும் சேர்த்து வாங்கிய பிறகு எடையைக் கூட்டினால் குடை, குடையாக இருக்காது.

வளைகம்பு பிவ்விகள் 6 கிலோவிலிருந்து 10 கிலோ வரை. இரண்டு இரவுக்கு மேல் தங்குகிறவர்களுக்கும், வண்டி பக்கத்திலேயே நிற்கிறவர்களுக்கும் இவை சரி. ஒரு கிலோமீட்டர் சுமக்க நான் சொல்லமாட்டேன். 'மிக இலேசானது' என்ற அடைமொழியோடு 4 கிலோவில் வரும் வளைகம்பு வகைகளில் கம்பு எதனால் ஆனது என்று பாருங்கள். ஃபைபர் கிளாஸ் கம்பு பிளந்தால் சிம்பு சிம்பாகக் கிழிந்து துணியையும் கையையும் குத்தும், கரையில் அதைச் சரிசெய்வது கடினம். அலுமினியக் கம்பு வளைந்தால் மேலே ஒரு குழாய்த் துண்டைச் செருகி அந்த இரவை ஓட்டிவிடலாம்.

எடைதான் முதல் கவலை என்றால் வெறும் தார்ப்பாய்க்கு நிகர் எதுவும் இல்லை. சிலிக்கோன் பூசிய மெல்லிய நைலானில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் விரிப்பு, கயிறு உட்பட ஒரு கிலோவுக்குள் அடங்கும். இரண்டு கம்பும் ஆறேழு முளையும் இருந்தால், பின்பக்கம் தரையைத் தொட, முன்பக்கம் உயர்ந்த சாய்ப்பாகக் கட்டலாம். வாசலே இல்லை என்பதால் ஜிப் மாட்டும் பிரச்சினையும் இல்லை. காற்று திரும்பினால் நீங்களும் எழுந்து திருப்பிக் கட்ட வேண்டும், அதுதான் விலை. முடிச்சு போடத் தெரியாதவர்கள் இதன் பக்கம் போக வேண்டாம். ஒரு வேண்டுகோள்: தார்ப்பாய்க்குக் கம்பாக ராடை ஊன்றாதீர்கள். ஊன்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், அடுத்த நாள் அவர்கள் முகத்தையும் பார்த்திருக்கிறேன்.

துணியின் எண்களைப் பற்றி நிறையக் குழப்பம் இருப்பதால் இங்கே கொஞ்சம் நிற்கலாம். '5000 மி.மீ.' என்றால் துணியின்மேல் 5000 மி.மீ. உயரத்துக்கு, அதாவது 5 மீட்டருக்கு, நீர்த்தூண் நிற்கும் அழுத்தம் வரை தண்ணீர் கசியவில்லை என்று பொருள். சாய்ந்து நிற்கும் கூரைக்கு 1500 மி.மீ. இருந்தாலே மழை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. 3000 இருந்தால் பழசான பிறகும் தாங்கும். கூரைக்கு 10,000 என்று பெருமையாக அச்சடித்திருந்தால், அந்தக் கனத்த பூச்சின் எடையைச் சுமக்கப் போவது நீங்கள்தான். கூரை ஒழுகுவது பெரும்பாலும் துணியில் அல்ல, தையலில். உள்பக்கம் தையல்மேல் நாடா ஒட்டியிருக்கிறதா, வளைவுகளிலும் மூலைகளிலும் அது சுருங்காமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சிலிக்கோன் பூசிய துணியில் நாடா ஒட்டாது. அதற்குத் தையலில் சிலிக்கோன் பசையை நாமே பூசிக்கொள்ள வேண்டும்.

தரைவிரிப்புக்குக் கணக்கு வேறு. ஒரு முழங்காலை ஊன்றும்போது 40 கிலோ பாரம் 50 சதுர செ.மீ.மேல் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், அது 8 மீட்டர் நீர்த்தூணின் அழுத்தம். ஈர மண்ணிலிருந்து தண்ணீரை மேலே பிழிந்துவிட அது போதும். எனவே பாயில் படுக்கிறவர்கள் துணியின் எண்ணைத் தரைவிரிப்பில் பார்க்க வேண்டும், கூரையில் அல்ல. கட்டிலில் படுக்கிறவர்களுக்குத் தரைவிரிப்பு வெறும் சேறு தடுப்புதான். எடை குறைக்க அதையே விட்டுவிட்டுப் போகலாம், கால் வைக்கும் இடத்துக்கு ஒரு துண்டுப் பாய் போதும்.

டெனியர் என்பது நூலின் பருமன். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதே அந்த எண். 210 டெனியர் துணி முள்ளுக்கும் கிளைக்கும் ஈடு கொடுக்கும். 20, 30 டெனியர் துணி பாதிக்கும் குறைவான எடைதான், ஆனால் கருவேலம் போன்ற முள்மரங்கள் நிற்கும் கரைக்கு அதைக் கொண்டுபோக எனக்கு மனம் வராது. நைலான் இழுவைக்கு வலுவானது, ஆனால் நனைந்தால் நீண்டு தொய்யும். மழை தொடங்கி அரை மணியில் எழுந்து கயிறுகளை இறுக்க வேண்டும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். பகல் முழுதும் வெட்டவெளியில் நிற்கிற கூரைக்கு என் ஓட்டு பாலியஸ்டருக்குத்தான்.

இலேசான பிவ்வி வாங்கியவர்கள் மறுநாளே 'ஒழுகுகிறது' என்று குறைப்படுவார்கள். பத்தில் ஒன்பது முறை அது ஒழுக்கு அல்ல, வியர்ப்பு. தூங்கும் மனிதன் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் கால் லிட்டர் அளவுக்கு ஈரத்தை வெளியே விடுகிறான். தண்ணீர்க் கரையில் காற்றே ஈரமாக இருக்கிறது. தெளிந்த வானத்தின் கீழ்க் கூரைத்துணி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. புல்லில் பனி இறங்குவதும் இப்படித்தான். துணியின் உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்து, காற்று அசைத்ததும் முகத்தில் கொட்டும். மழையே இல்லாத இரவிலும் உள்பக்கம் நனைந்திருந்தால் அது வியர்ப்பு என்று தெரிந்துகொள்ளலாம்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று இரட்டைத் துணி. உள்துணி குளிராததால் ஈரம் வெளித்துணியில் மட்டும் பிடிக்கும், ஆனால் இரண்டு மூன்று கிலோ கூடும். இன்னொன்று காசும் எடையும் இல்லாதது: திறந்து வைப்பது. முன்பக்கத்தை முழுதும் திறந்துவிட்டு, பின்பக்கத்தின் காற்றுத் துளையையும் திறந்தால் ஈரம் பாதிக்கு மேல் போய்விடும். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இழுத்து மூடுகிறவர்தான் காலையில் நனைந்த தூக்கப்பையோடு நடுங்குகிறார். நல்ல தூக்கப்பையும் திறந்த வாசலுமாகத் தூங்குங்கள். மரத்தடியில் பனி குறைவு என்பதால் வியர்ப்பும் குறையும், ஆனால் காய்ந்த கிளை தலைக்கு மேல் தொங்குகிறதா என்று வெளிச்சத்திலேயே நிமிர்ந்து பார்த்துவிட வேண்டும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. காற்றின் வேகம் இரு மடங்கானால் துணியை அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 20 கி.மீ. காற்றில் கம்பீரமாக நின்ற குடை 40 கி.மீ.யில் பறப்பது இதனால்தான். முன்பக்கம் திறந்த எதுவும் பாய்மரத் துணியைப் போலக் காற்றை உள்ளே வாங்கி மேலே தூக்கும். எனவே முதுகைக் காற்றுக்குக் கொடுப்பதே முறை. ஆனால் மீன் பெரும்பாலும் காற்று மோதும் கரையில்தான் மேயும், அங்கே முகத்தைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அப்போது நேராக வைக்காமல், ஒரு தோளைக் காற்றுக்குக் காட்டுவதுபோல் சாய்த்து வையுங்கள், அந்தப் பக்கத் திரையை மட்டும் இறக்குங்கள். இன்னொன்று: கடற்கரையிலும் பெரிய ஏரிகளிலும் பகலில் நீரிலிருந்து நிலத்துக்கு வீசிய காற்று, இரவில் நிலத்திலிருந்து நீருக்குத் திரும்பும். மாலையில் முகத்தில் அடித்ததை நம்பி, பின்பக்க முளைகளைச் சும்மா செருகி வைத்தவர்களின் கூரை விடியற்காலையில் தண்ணீரில் மிதக்கும்.

முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காக அது நிற்க வேண்டும். இளகிய மண்ணுக்குத் திருகு முளை. மணலில் எந்த முளையும் நிற்காது. ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து மிதித்துவிடுங்கள், அசைக்கவே முடியாது. பாறைக்கரையில் கயிற்றைக் கல்லில் சுற்றிக் கட்ட ஏதுவாக நான்கு நீளக் கயிறு எப்போதும் பையில் இருக்கட்டும். மரப்பலகை மேடை போட்ட கரை என்றால் அதற்கென்று திருகாணி முளைகள் உண்டு, ஆனால் மேடையைத் துளைக்க அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அதே மூச்சில், இரவுத் தங்கலுக்கே அங்கே அனுமதி உண்டா, கூடாரம் கூடாது குடை மட்டும் என்ற விதி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். தரைத்துணி சேர்த்துத் தைத்த கூடாரத்தைத் தடுத்துவிட்டு, திறந்த குடையை அனுமதிக்கும் இடங்கள் உண்டு. இது தெரியாமல் பொருளை வாங்கினால் வீட்டு மொட்டைமாடியில்தான் விரிக்க வேண்டியிருக்கும்.

இடம் பார்ப்பதில் அவசரம் வேண்டாம். ஆற்றில் மேலே எங்கோ பெய்த மழை உங்களுக்குத் தெரியாமலே வந்து சேரும். போன வெள்ளம் ஒதுக்கிவிட்டுப் போன குப்பைக்கோடு எங்கே இருக்கிறதோ அதற்கு மேலே படுங்கள். பெரும்பாலான கடற்கரைகளில் நீரேற்றம் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். சாயங்காலம் ஐந்து மணிக்கு உச்சம் என்றால் அடுத்தது விடியற்காலை ஐந்தரை மணி வாக்கில், நீங்கள் அயர்ந்து தூங்கும் நேரம். பள்ளத்தில் குளிர்காற்று தேங்கும், அதனால் கரையிலிருந்து ஓரடி இரண்டடி உயர்ந்த மேடு எப்போதும் மேல்.

இடி மின்னலுக்கு எந்தப் பிவ்வியும் காப்பு இல்லை. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே மேலே மின்கம்பி போகும் இடத்தில் பிவ்வி போடவே கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவென்றால் அது 10 கி.மீ.க்குள் வந்துவிட்டது. ராடுகளை அப்படியே விட்டுவிட்டு வண்டிக்குள் போய், கடைசி இடி கேட்டு அரை மணி ஆனபின் திரும்புங்கள்.

இதைவிட முக்கியம் நெருப்பு. பிவ்விக்குள் அடுப்பு, கரி, வாயு விளக்கு எதையும் எரிக்காதீர்கள். அணைந்ததுபோல் தெரியும் கரிச்சட்டியைக் குளிருக்காக உள்ளே இழுத்து வைப்பதும் கூடாது. சாம்பல் பூத்த கரி மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கும், அசதியைத் தூக்கம் என்று நினைத்துப் படுக்கிறவர் எழுந்திருக்கமாட்டார். இந்த ஒரு விஷயத்தில் 'வாசல் கொஞ்சம் திறந்துதானே இருக்கிறது' என்ற சமாதானம் செல்லாது. தண்ணீர் கொதிக்க வைப்பதை வெளியே, காற்று மறைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொசு நிறைந்த கரை என்றால் முழு வலைக்கதவு எடையைக் கூட்டும், வாசலையும் அடைக்கும். தலையிலிருந்து இடுப்புவரை மூடும் சின்னத் தொங்குவலை 200, 300 கிராமில் வேலையை முடித்துவிடும். நிறம் அவரவர் விருப்பம், ஆனால் கயிறுகளில் மட்டும் பளிச்சென்ற நிறமோ ஒளிதிருப்பும் இழையோ இருக்கட்டும். எனக்கு அன்று இருந்திருந்தால் விழுந்திருக்கமாட்டேன்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக. பாயிலோ தாழ்கட்டிலிலோ தூங்க முடியும் என்றால், நீளவாக்கில் திறக்கும் ஒன்றரை, இரண்டு கிலோக் கூடாரம் எடுங்கள். முடிச்சில் கை பழகியவர் என்றால் தார்ப்பாய் எடுங்கள். ஐந்து பொருளும் சேர்ந்து 7 கிலோவுக்குள் முடிந்துவிடும். மிச்சமாகும் எடையை நல்ல தூக்கப்பைக்குக் கொடுங்கள். உயரக் கட்டில் இல்லாமல் முடியாது என்றால், நடுத்தண்டு கழலும் 50 அங்குலக் குடை, இரண்டு புயல்கம்பு, பக்கத்திரை, தரைவிரிப்பு வேண்டாம். நீங்கள் குறிப்பிட்ட 4 கிலோ வளைகம்பு பிவ்வியை இரண்டாமிடத்தில்தான் வைப்பேன். குடையின் வேகமும் இல்லை, பெரிய பிவ்வியின் இடமும் இல்லை. இரண்டு இரவு மழையில் தங்கப் போகிறேன் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதை யோசிக்கலாம்.

எதை வாங்கினாலும் முதல் இரவைக் கரையில் கழிக்காதீர்கள். வீட்டு வாசலிலோ மாடியிலோ விரித்து, குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்து, உள்ளே உட்கார்ந்து தையல்களைப் பாருங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, கட்டிலும் தூக்கப்பையுமாக ஒருமுறை இருட்டில் பிரித்துக் கட்டிப் பழகுங்கள். திரும்பி வந்ததும், எவ்வளவு அசதியாக இருந்தாலும், பையிலிருந்து எடுத்து நிழலில் காயப்போட்டுவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பாலியூரித்தேன் பூச்சு மெல்ல மெல்லச் சிதைந்து, அடுத்த முறை விரிக்கும்போது துணி துணியோடு பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை அடிக்கும். அந்த வாடை வந்த கூரைக்கு வைத்தியம் கிடையாது.